எடை ஏறவில்லை என்றால் போதுமா? மார்பகப் புற்றுநோயும் உடல் கொழுப்பும்

வயது 58. மார்பகப் புற்றுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் அம்மா. பல மார்பகப் புற்றுகளை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அதை உருவாக்கும் அரோமடேஸ் என்ற நொதியைத்தான் உங்கள் மாத்திரை தடுக்கிறது. கொழுப்பு மிகும்போது அதன் செல்கள் உப்பி, சில செத்துப்போகின்றன. செத்த செல்லை நோய் எதிர்ப்புச் செல்கள் வளையமாகச் சூழ்ந்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அவை கக்கும் அழற்சிப் பொருள்கள் அரோமடேஸை மேலும் தூண்டிவிடுகின்றன. இந்த அழற்சியில் வலியோ காய்ச்சலோ இருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

நான் ஒல்லிதான், 54 கிலோ. எனக்குக் கவலை இல்லையே?

எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. மாதவிடாய் நின்ற, எடை சரியாக இருந்த அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு இது: உடலில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சார்ந்த மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கீமோவின்போது தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்வதும் உண்டு. தராசு அதைக் காட்டாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நடையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் செய்யுங்கள்.

அழற்சி குறைய மஞ்சள் மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மாத்திரை வேறு விஷயம். மஞ்சள் சத்தை மிளகுச் சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, தமாக்சிபென் என்ற இன்னொரு மார்பகப் புற்று மாத்திரையின் வீரியமுள்ள வடிவம் இரத்தத்தில் குறைந்ததை நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அந்தப் பணத்தில் கீரையும் மத்தி மீனும் வாங்குங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் சுண்டலையும் கூட்டுங்கள். மாலை பஜ்ஜியை விடுங்கள்.

காய்கறி நிறையச் சாப்பிட்டால் நோய் திரும்பாதா?

அப்படி உறுதி சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 3,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வில் ஒரு பாதியினர் காய்கறியை வெகுவாகக் கூட்டினார்கள். 2007இல் முடிவு வந்தது: எடையும் குறையவில்லை, நோய் திரும்புவதும் குறையவில்லை. 2,437 பெண்கள் இருந்த இன்னொரு ஆய்வில் உணவுக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு எடை சற்று இறங்கியது. நோய் திரும்புவதும் ஓரளவு குறைந்தது. எடை இறங்கியதுதான் காரணமா என்பது அதில் நிரூபணமாகவில்லை. எந்த உணவுக்காகவும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

என் அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. வாய்ப்புண். இந்தப் பத்தியத்தை இப்போதே தொடங்கலாமா?

இப்போது வேண்டவே வேண்டாம். குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த முட்டை, ஆறிய கஞ்சி என எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். எடை சரிந்தால் அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.