செனகல் கிராமத்து வீட்டில் விருந்தாளியாக

கேள்வி: சொந்த ஊர் கீழக்கரை, டக்காரில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் செனகல் நண்பர், ஜோவால் பக்கம் கடலோரத்தில் இருக்கும் தன் கிராமத்துக்கு லீவில் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். வசதி குறைவான வீடு, ஆள் அதிகம். போய்ச் செலவு வைக்க வேண்டுமா என்று தயக்கம். போனால் எப்படி நடந்துகொள்வது?

பதில்: கட்டாயம் போங்கள் தம்பி. ஏர்வாடியிலோ தொண்டியிலோ ஒரு மீனவர் வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்தால், அன்றைக்குப் பாடு சரியில்லை என்றாலும் கடன் சொல்லியாவது நல்ல மீன் வாங்கிக் குழம்பு வைப்பார்களே, அதே மனசுதான் அங்கேயும். அவர்கள் பார்க்காத கணக்கை நீங்கள் பார்த்தால்தான் அவர்களுக்கு வருத்தம்.

ஸலாம் சொல்லி உள்ளே போங்கள். வீட்டு மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று நலம் விசாரிப்பது நீண்டுகொண்டே போகும், போகட்டும், அதை அவசரப்படுத்தக் கூடாது.

மதியம் பெரும்பாலும் செபு ஜென் வரும். மீன் வெந்த தக்காளிச் சாற்றிலேயே குருணை அரிசியை வேகவைத்து, மேலே மீன், மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட், கத்தரிக்காய், சில வீடுகளில் கொஞ்சம் புளியும். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த சாப்பாடு. பெரிய தட்டத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். கீழக்கரைக் கல்யாணத்தில் சகனில், அதாவது பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில், சாப்பிட்டவருக்கு நான் என்ன சொல்லித்தர? வலது கை, உங்களுக்கு நேராக இருக்கும் பங்கு, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் மீனுக்கு நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். வீட்டம்மா அதைப் பிய்த்து, ஒரு துண்டு மீன், ஒரு துண்டு மரவள்ளி என்று உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். திருப்பித் தள்ளாதீர்கள். அது தியோஃப் மீனாக இருந்தால் கவனியுங்கள், நம் களவா இனம். அளவுக்கு மீறிப் பிடித்ததில் அங்கே அது அருகிப்போய் விலை ஏறிவிட்டது. அன்றாடம் சூடை வகையில் சமைக்கும் வீடு உங்களுக்காக அதை வாங்கியிருக்கும். மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வயிறு நிறைந்தால் ‘சூர் நா’ என்று சொல்லுங்கள், அப்போதும் இன்னும் சாப்பிடச் சொல்வார்கள். சட்டியடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி வைத்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள், அருமையாக இருக்கும்.

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம்தான் அத்தாயா. கரியடுப்பில் சின்னக் கெண்டியில் பச்சைத் தேயிலையைக் கொதிக்கவிட்டு, ஒரு குட்டி கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு நுரை கட்டும் வரை தூக்கித் தூக்கி ஆற்றுவார்கள். மூன்று சுற்று, முதல் சுற்று கசக்கும், போகப்போக இனிக்கும். மணிக்கணக்கில் ஆகும். வீட்டார் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவது அப்போதுதான், நண்பர் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

சர்க்கரை, தேயிலை, அரிசி, பழம் என்று வீட்டுக்கு உதவுகிற எதையும் வாங்கிப் போகலாம். பெரியவர்களுக்கு, அங்கே மெல்லுகிற கோலாக்கொட்டை கொடுப்பது மரியாதை. சாப்பிட்ட கையோடு பணத்தை நீட்டாதீர்கள், ஹோட்டல் பில் கட்டுவது மாதிரி ஆகிவிடும். கொடுத்தே தீர வேண்டும் என்று தோன்றினால், கிளம்பும்போது பிள்ளைகளுக்கு என்று சொல்லி நண்பரின் அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பியும் அந்த நாட்டில்தான் இருக்கிறான். மீன், கறி தொடமாட்டான். இப்படி யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது? (தேவிப்பட்டினம் வாசகி)

பதில்: போகும் முன்பே நண்பரிடம் சொல்லிவிட வேண்டும் அம்மா, தட்டத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகு அல்ல. காய்கறி இருக்கும்தான், ஆனால் சோறே மீன் சாற்றில் வெந்தது. முட்டை சாப்பிடுவார் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், சமைப்பவருக்கு வேலை சுலபம்.