கரும்பு ரயில் அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டுபோகும் ரயில்களின் கால அட்டவணையைச் சீராக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? கூடுதலாகப் பெட்டிகள் வாங்கிப் போட்டால் தீராதா?

தீராது. முதுகலைப் படிப்பில் ஓராண்டு இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் சில மாதங்கள், கரும்பு ஏறிய பெட்டிகளை எப்படிச் சீக்கிரம் இழுத்துவருவது என்றுதான் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது: காலிப் பெட்டி எப்போது வயலுக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்புக்கென்றே சுமார் 4,000 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. தண்டவாள இடைவெளி 610 மி.மீ.தான். ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர், டிசம்பர் வரை இரவும் பகலும் அரவை நடக்கும். வயலோரக் கிளைத் தடத்தில் காலிப் பெட்டி இல்லையென்றால் அறுவடை இயந்திரம் நின்றுவிடும். ஆலையில் கரும்புப் பெட்டி இல்லையென்றால் அரவை நின்றுவிடும். இரண்டு பக்கமும் நிற்காமல் ஓடுவது அதே பெட்டிகளை நம்பித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலை மணிக்கு 500 டன் அரைக்கிறது, ஒரு பெட்டியில் 6 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 83 பெட்டிகள் காலியாகும். ஒரு பெட்டி வயலுக்குப் போய், நிறைந்து, திரும்பி, காலியாக 15 மணி நேரம் ஆனால் சுமார் 1,250 பெட்டிகள் வேண்டும். அந்தச் சுற்றில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலே 83 பெட்டிகள் மிச்சம்! ஆலை அரைக்கும் அளவை ஏற்றாமல் பெட்டியை மட்டும் கூட்டினால், கரும்பு ஏறிய பெட்டிகள் முற்றத்தில் காத்துக்கிடக்கும், அவ்வளவுதான்.

காத்துக்கிடப்பதில்தான் நஷ்டம். இயந்திரம் துண்டு துண்டாக நறுக்கிய கரும்பில் வெட்டுவாய் அதிகம், அதனால் முழுக் கரும்பைவிடச் சீக்கிரம் கெடும். பாக்டீரியா புகுந்து சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பசைப்பொருளாக மாற்றும்; சாறு கொழகொழப்பாகி, சர்க்கரை படிகமாவது தடைபடும். வெட்டு பகல் 12 மணி நேரம் மட்டும், அரவை 24 மணி நேரமும் என்றால், நம் கணக்குப்படி மாலையில் 1,000 பெட்டிகள் நிறைந்து நிற்கும். கடைசியாக வெட்டிய கரும்பு 12 மணி நேரம் காத்திருக்கும். எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் தொடங்காமல், சில விடியும் முன்பும் சில தாமதமாகவும் தொடங்கினால் இந்தக் குவியல் குறையும். ரயிலைத் தொடாமலே கிடைக்கும் லாபம் இது. விவசாயிகளிடம் பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் பாதை. பெரும்பாலும் ஒற்றை வழி. எதிர் ரயிலுக்குக் கிராசிங் போட இடம் கொஞ்சம்தான். குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் இதைத் தொழிற்கூடக் கணக்காக, அதாவது எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எப்போது செய்வது என்ற கணக்காக மாற்றினார்கள்: ரயில் என்பது ஒரு வேலை, பாதையின் ஒவ்வொரு துண்டும் ஓர் இயந்திரம். முன்துண்டு காலியாகும்வரை ரயில் நிற்கிற துண்டையும் விடாது. இந்த ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால், காகிதத்தில் அழகான அட்டவணை வரும். பாதையில் இரண்டு ரயில் முகத்துக்கு முகம் நிற்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: அட்டவணை போடும் கணினி நிரலி எழுதும் முன், ஒவ்வொரு கிளைத் தடத்துக்கும் பெட்டி போய்வர ஆகும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதில் எங்கே அதிக நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் பெரிதாக இருக்கும். முதலில் அதைக் குறையுங்கள். மழையோ இயந்திரப் பழுதோ வந்தால் அன்றைய அட்டவணை கலைந்துவிடும். அதனால் மிகச் சிறந்த விடையை மணிக்கணக்கில் தேடும் நிரலியைவிட, சில நிமிடங்களில் ஓரளவு நல்ல விடையைத் திரும்பப் போட்டுக்கொடுப்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.