முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள்

வாசகி கேள்வி: அமெரிக்காவில் எங்கள் கிறிஸ்தவ சபை ஆண்டுதோறும் ரம்மேஜ் சேல் (நன்கொடையாக வந்த பழைய பொருட்களை மலிவாக விற்கும் விற்பனை) நடத்துகிறது. கதவைத் திறந்ததும் மறுவிற்பனை வியாபாரிகள் முண்டியடித்து நல்ல பொருட்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த முறை ஆளுக்கு 5 டாலர் நுழைவுக் கட்டணம் வைக்கலாம் என்கிறது கமிட்டி. ஆலய வாசலில் காசு கேட்கலாமா? வரிச் சிக்கல் வருமா?

பதில்: நாள் முழுக்க எல்லோரிடமும் வாங்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் உள்ளே வர விரும்புகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள்; பிறகு இலவசமாக விடுங்கள். அங்கே பல சபைகள் ‘ஏர்லி பேர்ட்’ (முந்தி வருகிறவர்) கட்டணம் என்று இதைத்தான் செய்கின்றன. முந்தின நாள் மாலையே கட்டணத்தோடு திறந்துவிடுகிறவர்களும் உண்டு.

வியாபாரிக்கு 5 டாலர் பெரிதில்லை. நல்ல பொருள் ஒன்று கிடைத்தாலே அது வந்துவிடும். பிள்ளைகளுக்குக் குளிர்கால கோட்டு தேடி வரும் தாய்க்கோ அதே பணத்தில் ஒரு கோட்டே வாங்கிவிடலாம். வாசலில் கல்லாப்பெட்டியைப் பார்த்தால் அவர் அப்படியே திரும்பிவிடுவார், அது உங்கள் கணக்கில் எங்கும் தெரியாது. 40 பேர் கட்டணம் கொடுத்தால் 200 டாலர் வரும். தலைக்கு 10 டாலருக்கு வாங்கியிருக்கக்கூடிய 30 பேர் திரும்பிப் போனால் 300 டாலர் போகும். விற்காத துணியை மூட்டை கட்டி அகற்றும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும். பணம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தாய்க்காகத்தானே சபை இதை நடத்துகிறது? உணவு உதவிக்கு உங்களிடம் வரும் குடும்பங்களுக்கு முதல் மணி நேரத்துக்கான இலவசச் சீட்டை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வாசலில் ‘விருப்பக் காணிக்கை’ப் பெட்டியும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அது விருப்பமாக இருக்காது. பெட்டியை வெளியேறும் மேசையில் வையுங்கள்.

கட்டணம் வைத்துவிட்டால் மட்டும் நெரிசல் அடங்காது. காசு கொடுத்தவர் கூடுதல் உரிமை எடுத்துக்கொள்வார். அதனால் சீட்டு எண்ணிக்கையை முன்பே வரையறுத்துவிடுங்கள். ஒரு குவியல் பொருளைப் போர்வையால் மூடி ‘இது என்னுடையது’ என்று பிடித்துவைக்க இடம் தராதீர்கள். நகை, வெள்ளி, பழைய கேமரா போன்றவற்றுக்கு இணையத்தில் விலை பார்த்துத் தனி மேசையில் வையுங்கள்; வியாபாரிக்குப் போகும் லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே சபைக்கு வந்துவிடும். இன்னொன்று, பலர் சொல்லத் தயங்குவது: பொருட்களைப் பிரித்து அடுக்கும் தன்னார்வலர்கள் முதல்நாளே நல்லதை எடுத்து வைத்துக்கொண்டால், வெளியில் கட்டணம் கொடுத்து நிற்பவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? அவர்களும் குறித்த விலையில், அதே நேரத்தில் வாங்கட்டும்.

வரியைப் பொறுத்தவரை, கூட்டாட்சி வருமான வரியில் பெரும்பாலும் கவலை இல்லை. நன்கொடையாக வந்த பொருட்களை விற்பதையும், பெரும்பாலும் சம்பளமில்லாத உழைப்பில் நடக்கும் விற்பனையையும் சபையின் நோக்கத்துக்குப் புறம்பான வணிகமாக வரிச் சட்டத்தின் 513-ஆம் பிரிவு கருதுவதில்லை. மாநில விற்பனை வரிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. எப்போதாவது நடக்கும் விற்பனைக்கு விலக்குத் தரும் மாநிலங்கள் உண்டு. நுழைவுக் கட்டணத்துக்கே வரி போடும் மாநிலங்களும் உண்டு. சுவரொட்டி அச்சாகும் முன் உங்கள் மாநில வருவாய்த் துறையிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நுழைவுச் சீட்டில் ‘நன்கொடை’ என்று மட்டும் அச்சிடாதீர்கள். பதிலுக்கு முன்னுரிமை பெற்றுக்கொண்டு கொடுக்கும் பணத்தை முழு நன்கொடையாக வரிக்கணக்கில் காட்ட முடியாது.