காலி மனையில் கிரிக்கெட்: பிள்ளைகள் விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரு கிரவுண்டு மனை. காலம் (கான்கிரீட் தூண்) எழுப்பியதோடு வேலை நின்றுவிட்டது. காம்பவுண்டு ஒரு பக்கம் சரிந்து, தெருப் பிள்ளைகள் தினமும் உள்ளே கிரிக்கெட் ஆடுகிறார்கள். பழைய உறைக் கிணற்றைத் தகரத்தால் மூடியிருக்கிறேன். 'அத்துமீறி நுழையாதே' போர்டும் உண்டு. யாராவது விழுந்தால் என்மேல் வழக்கு வருமா?

பதில்: வரும். பந்துக்குப் பின்னால் ஓடுகிற ஆறு வயதுப் பையன் போர்டைப் படிக்கமாட்டான். பிள்ளைகள் வருவது உங்களுக்குத் தெரியுமா, ஆபத்து அவர்கள் கண்ணில் படுமா, சின்னச் செலவில் தடுத்திருக்கலாமா என்றுதான் கோர்ட்டு பார்க்கும். தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்!

இங்கிலாந்தில் ரயில்வே வேலி உடைந்த இடம் வழியாகப் போன ஆறு வயதுச் சிறுவன் மின்தடத்தில் காயம்பட்டான். பிள்ளைகள் வருவது ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்பே தெரிந்திருந்தது. அத்துமீறி நுழைந்தவன் என்றாலும் ரயில்வே பொறுப்புதான் என்று 1972-ல் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) தீர்ப்பளித்தது. உங்கள் சரிந்த சுவரும் அதே கதைதான். உயிரே போனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 106(1) பிரிவில் கிரிமினல் வழக்கு. ஐந்தாண்டு வரை சிறை.

முதலில் அந்தத் தகரத்தை எடுங்கள். திறந்த கிணற்றைவிட அது மோசம். விளிம்பில் துரு தின்றிருக்கும், மேலிருந்து பார்த்தால் தரை மாதிரி தெரியும், பையன் ஏறி நிற்பான். கிணறு வேண்டாமென்றால் மணலும் மண்ணும் ஓரடி ஓரடியாகக் கொட்டி இடித்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். இடிபாடும் குப்பையும் கொட்டினால் உள்ளே பொந்து விழுந்து, ஐப்பசி மழையில் திடீரென்று உள்வாங்கும். மேலே அரையடி மேடு விட்டு, மழைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். கிணறு வேண்டுமென்றால் உறை விளிம்பைத் தாண்டி உட்காரும் கம்பி கட்டிய கான்கிரீட் ஸ்லாப்பும், பூட்டு போட்ட இரும்பு மூடியும்.

நீட்டிக்கொண்டிருக்கும் காலம் கம்பிகளை வளைக்காதீர்கள், பிறகு நிமிர்த்தினால் பலமிழக்கும். நுனியில் பிவிசி துண்டு செருகி மூடுங்கள். யார் யோசனை சொன்னாலும் சுவரில் கரன்ட் மட்டும் வேண்டாம். அப்படி மின்கம்பி வைத்து ஒருவர் செத்துப்போன பிகார் வழக்கில், அத்துமீறியவர் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1963-லேயே தள்ளிவிட்டது.

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தின் மூடாத சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) விழுந்து என் மகனுக்குக் கால் முறிந்தது. 'உங்க பையன் ஏன் உள்ளே வந்தான்?' என்கிறார் உரிமையாளர். (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: இன்றே போட்டோ எடுங்கள், நாளைக்கே மூடி வந்துவிடும். எங்கே, எப்படி விழுந்தான் என்று ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் சரியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். 'கீழே விழுந்தான்' என்று மட்டும் இருந்தால் வழக்கு நொண்டும். நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று வருடம் கெடு. மைனருக்கு அது 18 வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும், ஆனால் சாட்சி அதுவரை காத்திருக்காது. மகன் சார்பில் நீங்களே போடலாம். சம்ப் இன்னும் திறந்தே கிடந்து, தெருவை ஒட்டியும் இருந்தால், வருவாய் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ன்படி மனு கொடுங்கள். தடுப்பு போட அவர் உத்தரவிட முடியும்.