அடுப்படிக் கேள்வி – பதில்: சீனி சேராத சுட்ட இறைச்சி

சென்ற இதழில் சிரட்டைக் கரியில் இறைச்சி சுடுவது பற்றி எழுதியபோது, ஊறவைக்கும் கூட்டில் ஒரு மேசைக்கரண்டி சீனி சேர்க்கலாம் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே இம்முறை கடிதங்கள் குவிந்துள்ளன. வீட்டில் நீரிழிவுக்காரர் ஒருவராவது இருப்பது இன்று வழமையாகிவிட்ட நிலையில் அதை யோசியாமல் எழுதியது என் தவறுதான். ஆகவே இந்த இதழ் முழுவதும் சீனி சேராத கூட்டுகளைப் பற்றியதாகவே அமைகிறது.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகி ஒருவர்): ஆவணியில் என் தமையனார் குடும்பத்துடன் கனடாவிலிருந்து வருகிறார். சென்ற முறை முற்றத்தில் கம்பி வலை வைத்து பாபிக்கியூ சுட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த போத்தல் சோஸில் ஊறிய கோழியை உண்ட மறுநாள் காலை என் கணவரின் குருதிச் சீனி நன்றாக ஏறியிருந்தது. சீனியும் மாச்சத்தும் குறைந்த கூட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா? அதே ருசி வருமா?

பதில்: செய்ய முடியும். அதே ருசி வராது, வரவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

முதலில் அந்தப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். வட அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பாபிக்கியூ சோஸ் பெரும்பாலும் தக்காளி, விநாகிரி, மண்ணிறச் சீனி, கரும்புப்பாகு ஆகியவற்றால் ஆனது. 2 மேசைக்கரண்டி சோஸில் 12 முதல் 16 கிராம் வரை சீனி இருப்பது சாதாரணம். அதாவது, தேநீருக்குச் சீனி போடாத உங்கள் கணவர், அந்த இரண்டு கரண்டியிலேயே மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சீனியை உண்கிறார். ஒரு கிலோ கோழிக்கு எட்டுக் கரண்டி சோஸ் பூசினால் சீனி 48 கிராமுக்குக் குறையாது. இருப்பினும் பழி முழுவதையும் சோஸின் மேல் போட்டுவிடாதீர்கள். அன்று இறைச்சியோடு பாணும் சோடாவும் இருந்திருந்தால், அவற்றுக்கும் அந்த ஏற்றத்தில் பங்கு உண்டு. இறைச்சியில் மட்டும் மாச்சத்து அநேகமாக இல்லை.

கூட்டில் சீனி செய்யும் வேலைகள் மூன்று: இனிப்பு, நிறம், பளபளப்பு. இறைச்சியைப் பதப்படுத்துவதிலும் உப்பை உள்ளே கொண்டுசெல்வதிலும் அதற்குப் பெரிய பங்கில்லை. இறைச்சியின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 பாகை செல்சியசைத் தாண்டும்போது சீனி சேர்க்காமலே சிவக்கத் தொடங்கும். சீனியோ கரி நெருப்பில் சிவந்த கையோடு கருகிக் கசந்துவிடும். நிறத்துக்கு நம்மிடம் சீனியைவிட நல்ல பொருள் இருக்கிறது. மல்லியையும் செத்தல் மிளகாயையும் மணம் வர வறுத்து இடித்த கறித்தூளைக் கோழியில் பிரட்டிப் பாருங்கள், நெருப்பில் வைப்பதற்கு முன்பே அது சுட்டது போன்ற கருஞ்சிவப்பில் இருக்கும். பளபளப்புக்கு எண்ணெயும் தேங்காயின் முதற்பாலும் போதும். இனிப்பைப் பொறுத்தவரை, கறுவாவும் பெருஞ்சீரகமும் நாக்குக்கு இல்லாவிட்டாலும் மூக்குக்கு இனிப்பைக் காட்டிவிடும்.

ஒரு கிலோ கோழிக்கான அளவு இது. புளிப்பு அதிகம் ஏறாத கட்டியான எருமைத் தயிர் 150 கிராம், தேசிக்காய்ச் சாறு 2 மேசைக்கரண்டி, தட்டிய உள்ளி ஆறு பல்லு, பெருவிரல் அளவு இஞ்சி, வறுத்த கறித்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, கறுவாத்தூள் கால் தேக்கரண்டி, அம்மியில் நசுக்கிய கறிவேப்பிலை ஒரு நெட்டு, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 10 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பானால் பொடித்து நிறுத்துப் போடுங்கள். கல்லாகக் கரண்டியில் அளந்தால் கணக்குத் தவறும். இந்தக் கூட்டு முழுவதிலும் உள்ள மாச்சத்து, நார்ப்பொருளைக் கழித்துப் பார்த்தால், 20 முதல் 25 கிராம் வரைதான். ஐவர் பகிர்ந்தால் ஆளுக்கு நாலைந்து கிராம் வரும். அதிலும் ஒரு பங்கு சட்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

தொடைத் துண்டில் எலும்பு தட்டுப்படும்வரை இரண்டு கீறல் போடுங்கள். தோல் இருந்தால் அதன் ஓரத்தைத் தூக்கி, கூட்டைத் தொட்ட விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். தோலின் மேல் பூசுவதெல்லாம் நெருப்புக்குப் போய்விடும், தோலுக்குக் கீழே பூசியதுதான் இறைச்சியோடு இருக்கும். எவ்வளவு நேரம் ஊறினாலும் உப்பைத் தவிர மற்றவை சில மில்லிமீற்றருக்குமேல் இறங்குவதில்லை. ஆகவே நேரத்தைக் கூட்டுவதைவிடக் கீறலைக் கூட்டுவது பயன் தரும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணித்தியாலம் தாராளம், ஓரிரவு வைத்தாலும் கெடாது. வெளியே வைப்பதாயின், 32 பாகையைத் தாண்டும் நம் வெயிலில் ஒரு மணித்தியாலமே எல்லை. பெட்டி இல்லாத வீட்டில் கரியை மூட்டிவிட்டுக் கூட்டைப் பிரட்டுவதே ஒழுங்கு. கண்ணாடிக் கோப்பையோ மண்சட்டியோ எவர்சில்வரோ பயன்படுத்துங்கள். அலுமினியத்தில் புளிப்பு வேண்டாம்.

கோழி முக்கால் பதம் வெந்ததும் முதற்பாலில் சிறிது மஞ்சளும் உப்பும் கலந்து, இறம்பை இலையைத் தூரிகையாக மடித்து இருமுறை பூசுங்கள். பால் கரியில் சொட்டி எழும் புகைமணத்தை எந்தப் போத்தலும் தருவதில்லை. ஆனால் கோழி ஊறிய மிச்சக் கூட்டைக் கடைசியில் பூசவே கூடாது; அதில் பச்சை இறைச்சியின் கிருமிகள் இருக்கும். வேண்டுமானால் நன்றாகக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): கடைச்சீனி கெடுதி என்பது சரி. எங்கள் காட்டுத் தேனும் பனங்கட்டியும் இயற்கையானவை அல்லவா? அவற்றைக் கூட்டில் சேர்த்தால் என்ன?

பதில்: இயற்கையானவைதான், சீனியும்தான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சீனி உண்டு. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது கடைச்சீனியில் உள்ள அதே பொருள். உலக சுகாதார நிறுவனம் நாளாந்தம் குறைக்கச் சொல்லும் சீனிக் கணக்கில் தேனும் அடங்குகிறது. வன்னித் தேனின் மணத்தில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் அந்த மணம் நெருப்பில் முதலில் பறந்துபோய், எஞ்சுவது கருகிய சீனியாகவே இருக்கிறபடியால், நல்ல தேனை இறைச்சியில் பூசிச் சுடுவது தேனுக்கே செய்யும் அநியாயம் என்பேன்.

இதே பேச்சில் புளியையும் சொல்லவேண்டும். பழப்புளி புளிக்கிறதே என்று பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 100 கிராம் புளியில் ஏறக்குறைய 60 கிராம் மாச்சத்து உள்ளது. தேசிக்காயளவு உருண்டை ஒன்றைக் கரைத்தாலே பத்துக் கிராமைத் தாண்டிவிடும். புளிப்புக்குத் தேசிக்காய், விநாகிரி, கொறுக்காய்ப்புளி (குடம்புளி) ஆகிய மூன்றும் இருக்கப் பழப்புளியைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி (மல்லாவி வாசகர்): ஆட்டிறைச்சி எவ்வளவு ஊறினாலும் சுட்டபின் சவ்வாக இழுக்கிறது. பப்பாசிக்காய் சேர்க்கலாமா? அது இனிப்பில்லையா?

பதில்: காயில் இனிப்பு மிகக் குறைவு, சேர்ப்பதும் ஒரு கரண்டிதான், அதனால் சீனிக் கணக்கு மாறாது. கவலை வேறிடத்தில் இருக்கிறது. பச்சைப் பப்பாசியின் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் இறைச்சியின் புரதத்தை அறுக்கும் வேலையை ஊறும்போது மெதுவாகவும், சூடு 60, 70 பாகைக்கு ஏறும்போது வேகமாகவும் செய்கிறது. மேற்பரப்பை அது கூழாக்கிவிடும், உள்ளே போகாது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சாமத்திய வீட்டுக்கு நான்கு கிலோ ஆட்டிறைச்சியைப் பப்பாசிக்காய் விழுதில் இரவு முழுவதும் போட்டுவைத்தேன். காலையில் கம்பியில் கோக்கத் துண்டைப் பிடித்தால் விரல் உள்ளே போனது; வலையில் வைத்தவை பாதி கரிக்குள் விழுந்தன, மீதி ஈரல் அரைத்ததைப் போல் இருந்தது. வந்தவர்கள் பண்போடு உண்டார்கள்.

ஒரு கிலோவுக்கு 1 மேசைக்கரண்டி விழுது போதும். முதலில் உப்பு, உள்ளி, இஞ்சி, மிளகு, கறித்தூள், தேங்காயெண்ணெய் ஆகியவற்றில் இறைச்சியை ஓரிரவு ஊறவிட்டு, சுடுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு மட்டும் விழுதைச் சேருங்கள். துண்டுகளை நாருக்குக் குறுக்கே, ஓர் அங்குலத்துக்கு மிகாமல் வெட்டுங்கள். முற்றிய கிடாயானால் எந்தக் கூட்டும் அதை முழுதாகக் காப்பாற்றாது. அதே கூட்டோடு மூடிய சட்டியில் மெல்லிய நெருப்பில் அரைப்பதமாக வேகவைத்து, நீர் வற்றியபின் வலையில் போட்டுச் சிவக்கவைப்பதே வழி. அது பாபிக்கியூ ஆகாது என்று உங்கள் வீட்டு இளையவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

கம்பி இல்லையென்று வேலியில் குச்சி முறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அலரிக் குச்சியை ஒருபோதும் தொடாதீர்கள், அதன் பால் நஞ்சு. மூங்கில் குச்சியை அரை மணித்தியாலம் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (கிளிநொச்சி வாசகி): கடையில் கிடைக்கும் இனிப்பூட்டிப் பொடியைச் சீனிக்குப் பதிலாகப் போடலாமா? சோயா சோஸ் நல்லதா?

பதில்: அஸ்பாட்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், போட்டும் பயனில்லை. ஸ்டீவியா சூட்டைத் தாங்கும், ஆனால் கூடினால் கசக்கும். பொடியாக வருபவற்றில் சில, கரண்டியில் அளக்க வசதியாக மோல்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்ற நிரப்பியைக் கொண்டிருக்கும்; இரண்டும் குருதிச் சீனியை ஏற்றும் மாச்சத்துகளே. சேர்மானப் பட்டியலில் எடை கூடியது முதலில் எழுதப்படும் என்பதால், அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் முதல் மூன்று சொற்களை வாசியுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு தக்காளியையும் ஒரு வெங்காயத்தையும் தோல் கருகச் சுட்டு, விநாகிரி, சுட்ட செத்தல் மிளகாய், உப்பு சேர்த்து அரைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். காய்கறியின் சொந்த இனிப்பே போதுமான அளவு வெளிவரும்.

சோயா சோஸில் மாச்சத்து குறைவு, கரண்டிக்கு ஒரு கிராம் அளவுதான், உப்பு அதிகம். 2 மேசைக்கரண்டியில் ஏறக்குறைய நாலரைக் கிராம் உப்பு உண்டு, வளர்ந்தவருக்கு நாள் முழுவதுக்குமான எல்லையே 5 கிராம். சேர்ப்பதானால் கூட்டின் மற்ற உப்பைப் பாதியாகக் குறையுங்கள். சீனி சேர்த்த சோயா சோஸும் சந்தையில் உண்டு, கவனம்.

கேள்வி (வவுனியா வாசகர்): நீரிழிவுக்காகச் சோற்றை அடியோடு நிறுத்தி, சுட்ட இறைச்சியை முக்கிய உணவாக்க எண்ணுகிறேன். கிளினிக்கில் கிளிக்கிளசைட் தருகிறார்கள். உப்புக்குப் பதிலாக மாற்று உப்புப் பாவிக்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியை எனக்கு எழுதுவதற்கு முன்பு உங்கள் வைத்தியரிடம் கேட்டிருக்கவேண்டும். கிளிக்கிளசைட், இன்சுலின் போன்ற மருந்துகளை அதே அளவில் எடுத்துக்கொண்டு சோற்றைத் திடீரென நிறுத்தினால், குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி வியர்த்து மயங்க நேரலாம். உணவை மாற்றுவதானால் மருந்தின் அளவையும் அவர்தான் மாற்றவேண்டும்.

அதைவிட முக்கியமானது சிறுநீரகம். காரணம் இன்னதென்று உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் மட்டுமன்றி வவுனியாப் பக்கத்திலும் காணப்படுவதை நீங்கள் அறிவீர்கள். நீரிழிவும் சிறுநீரகத்தைப் பாதிப்பதே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இறைச்சியின் புரதத்தை அளந்தே கொடுக்கவேண்டியிருக்கும். மாற்று உப்பில் பெரும்பாலும் பொற்றாசியங் குளோரைட்டு இருக்கிறது. பழுதடைந்த சிறுநீரகத்தால் பொற்றாசியத்தை வெளியேற்ற முடியாதபோது அது இதயத் துடிப்பையே குழப்பும். குருதி, சிறுநீர்ச் சோதனை முடிவுகள் கையில் வரும்வரை சாதாரண உப்பையே குறைத்துப் பாவியுங்கள். உப்புக் குறைந்த கூட்டுக்குத் தேசிக்காயும் மிளகும் இன்னும் கொஞ்சம் கூடட்டும்.

கேள்வி (முல்லைத்தீவு வாசகி): மீனுக்கும் இதே கூட்டா?

பதில்: தயிர் வேண்டாம். பாரை மீனுக்கு உப்பு, மஞ்சள், மிளகு, உள்ளி, எண்ணெய் போதும். தேசிக்காயைச் சுடுவதற்கு இருபது நிமிடத்துக்கு முன்பு மட்டும் பிழியுங்கள், கூடினால் மீன் வெளிறி உதிரும்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): வேலையிடத்து நண்பர்கள் மரை இறைச்சி தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கு எந்தக் கூட்டு?

பதில்: மானையும் மரையையும் கொல்வதும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அதற்குக் கூட்டுச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாகப் பண்ணைப் பன்றியில் ஒரு கிலோ தோளிறைச்சி வாங்கி, விநாகிரி 3 மேசைக்கரண்டி, அரைத்த கடுகு 1 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, ஊறவைத்து அரைத்த கொறுக்காய்ப்புளி இரண்டு சுளை, உள்ளி, 10 கிராம் உப்பு ஆகியவற்றில் ஓரிரவு குளிரில் ஊறவைத்துச் சுடுங்கள். கொழுப்பு கரியில் சொட்டிச் சுவாலை எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல் துண்டுகளை வலையின் ஓரத்துக்கு ஒதுக்குங்கள். நடுத்துண்டை வெட்டிப் பார்த்து, உள்ளே பச்சை இல்லையென்று கண்டபின்பே இறக்குங்கள்.