மந்திரப் பை, சுருள்வாள், பொல்லாத சீட்டுக்கட்டு: டிஎம் அக்கா பதில்கள்

போன இதழ்ல கேரக்டர் உருவாக்குறத பத்தி எழுதுனேன்ல, அதுக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஆயுதமும் மேஜிக் ஐட்டமும் தான், அதனால இந்த தடவை ஃபுல்லா கடைச்சாமான் பேச்சு. புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வரி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி, 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்த விளையாட்டு. டிஎம்னு ஒருத்தர் கதைய நடத்துவாரு, மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர் (ஃபைட்டர்னா சண்டக்காரன், ரோக்னா திருட்டு வேலைக்காரன், கிளெரிக்னா சாமியார், இப்படி), ஒரு தடவை உக்காந்து ஆடுறது செஷன், செஷன் செஷனா நீளுற கதை கேம்பெயின், நடக்குமா நடக்காதான்னு முடிவு பண்றது டி20ங்கற இருபது பக்கப் பகடை. சரி, கடிதத்துக்கு போவோம்.

கேள்வி: அக்கா, நான் டிஎம் பண்ற முதல் கேம்பெயின். எங்க ஃபைட்டருக்கு பொறந்தநாள் வந்துச்சுன்னு மூணாவது செஷன்லயே ஒரு +3 லாங்ஸ்வோர்டு (அடிக்கிற பகடையிலயும் டேமேஜ்லயும் 3 கூட்டுற மேஜிக் வாள்) குடுத்துட்டேன். இப்ப எந்த சண்டையும் ரெண்டு ரவுண்டு தாண்ட மாட்டேங்குது. திரும்பக் கேட்டா கோச்சுக்குவான். என்ன பண்ண? – புது டிஎம், திருச்சி

பொறந்தநாளுக்கு கேக் வாங்கியிருக்கலாம் தம்பி. +3 ஆயுதம்னா ரூல்புக்ல வெரி ரேர் (காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரினு தரம் ஏறும்), அத ஆரம்ப லெவல் பையன் கையில குடுத்தா என்ன ஆகும்னு ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டு பாரு. 2014ல வந்த ரூல்புக்ல கோப்ளின்ங்கற குட்டி அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட நீங்க எட்ட வேண்டிய நம்பர்) 15, உயிர் 7. உன் ஃபைட்டர் பலம் 16னு வச்சுக்க, அடிக்கிற பகடையோட 5 கூட்டலாம், அதாவது டி20ல பத்தோ அதுக்கு மேலயோ விழணும், 55 சதவீதம். +3 வாள் இருந்தா ஏழு விழுந்தா போதும், 70 சதவீதம். இது கூட பரவால்ல, டேமேஜ பாரு. சாதா வாள்ல டி8+3 (டி8னா எட்டு பக்கப் பகடை), கோப்ளின் சாக பகடையில நாலோ அதுக்கு மேலயோ வரணும், சில சமயம் பொழச்சு ஓடும், ஓடிப்போய் கூட்டாளிய கூட்டிட்டு வரும், அங்கதான் கதை இருக்கு. +3 வாள்ல டி8+6, குறைஞ்சபட்சமே 7. அதாவது பட்டா செத்துச்சு, பகடையே உருட்ட வேண்டாம்.

இதுல நிறைய பேர் பண்ற தப்பு, எல்லா எதிரிக்கும் ஆர்மர ஏத்தி விட்டுருவாங்க. பண்ணிடாத. ஃபைட்டர் வழக்கம்போல அடிப்பான், ஆனா பக்கத்துல உக்காந்திருக்க ரோகும் கிளெரிக்கும் என்ன பாவம் பண்ணாங்க, அவங்க அடி எதுவும் படாம சுவத்த பாத்து உக்காந்திருப்பாங்க. திருடன் வந்து வாள தூக்கிட்டு போயிட்டான்னும் கதை விடாத, நான் விட்டிருக்கேன், ராஜாவையும் போரையும் விட்டுட்டு ஆறு செஷன் அந்த திருடன மட்டும் தேடுனாங்க. நேரா சொல்லு, "டேய் நான் அவசரப்பட்டுட்டேன், இந்த வாள் இப்ப தூக்கத்துல இருக்கு, +1 தான், நீ இன்ன காரியம் பண்ணா ஒவ்வொரு ப்ளஸ்ஸா முழிக்கும்"னு. அந்த காரியம் என்னன்னு அவனையே யோசிக்க சொல்லு. கோச்சுக்க மாட்டான், வேணா பாரு.

கேள்வி: ப்ளஸ் வாள் வேண்டாம்னா ஆரம்பத்துல வேற என்னதான் குடுக்கறது? – பகடைப் பித்தன், பெரம்பூர்

என் ஓட்டு எப்பவும் இம்மூவபிள் ராடுக்கு தான். ஒரு இரும்புக் கம்பி, ஒரு பக்கம் பட்டன், அமுக்குனா எங்க இருக்கோ அங்கயே நிக்கும், அந்தரத்துல கூட. 8,000 பவுண்டு தாங்கும், கிட்டத்தட்ட 3,600 கிலோ. பலத்தால நகத்தணும்னா டி20ல விழுந்ததோட பலத்துக்கான போனஸையும் கூட்டி 30 எடுக்கணும். அன்காமன் தான், அட்யூன்மென்ட் கூட வேண்டாம். (அட்யூன்மென்ட்னா தெரியாதவங்களுக்கு, சில ஐட்டம் உங்க கூட பழகணும், ஒரு சின்ன ஓய்வு நேரம் அது கூட உக்காரணும், ஒரு ஆளுக்கு மொத்தம் மூணு தான்.)

எங்க அக்கா பொண்ணு முதல் தடவையா விளையாட வந்தா, பன்னெண்டு வயசு, இந்த ராட அவ கேரக்டருக்கு குடுத்தேன். மத்த பெரியவங்க எல்லாம் கதவ அடைக்கலாம், பாலம் போடலாம்னு ஐடியா சொல்லிட்டிருக்காங்க, இவ பொறுமையா கேட்டா, "சித்தி, நாங்க இப்பதான ஆத்துல விழுந்து எந்திரிச்சோம், எல்லாருக்கும் துணி ஈரமா இருக்கும்ல?" கம்பிய அந்தரத்துல நிறுத்தி, கயித்த ஒரு பக்கம் கம்பியிலயும் இன்னொரு பக்கம் மரத்துலயும் கட்டி துணி காயப்போட்டுட்டா. ராத்திரி வந்த ஓர்க்ங்கற முரட்டு ஜந்து அந்த கொடியில கழுத்து மாட்டி மல்லாக்க விழுந்துச்சு, அதுக்கு நான் பகடை கூட கேக்கல. +1 வாள் குடுத்திருந்தா அவ ஷீட்ல ஒரு நம்பர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பேக் ஆஃப் ஹோல்டிங்குக்குள்ள ஆள ஒளிச்சு வைக்கலாமா? எங்க பார்ட்டி (எங்க கேரக்டர் கும்பல்) அதுக்குள்ள ஒரு குடும்பமே நடத்துது. – ஹவுஸ் ஓனர், கோயம்புத்தூர்

வாடகை வாங்குறீங்களா இல்லையா! வெளிய சின்னதா, உள்ள பெருசா இருக்க மேஜிக் பை இது, இத பத்தி பல பேருக்கு அட்சய பாத்திரம்னு நெனப்பு. இது குடுக்காது, வாங்கி வச்சுக்கும், அதுக்கும் அளவு இருக்கு. வாய் ரெண்டு அடி அகலம், உள்ள 500 பவுண்டு, 64 கன அடி. காசுன்னு பாத்தா 50 காசு ஒரு பவுண்டு, அப்ப 25,000 காசு, பை ஃபுல். அளவு மீறுனாலோ கிழிஞ்சாலோ பை போச்சு, உள்ள இருக்கதெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேன்ல சிதறிடும், அது ஒரு வெட்டவெளி உலகம், அங்க போய் உங்க அரிசி மூட்டைய பொறுக்கிக்கங்க.

ஆள் விஷயம்: உள்ள இருக்க காத்து மொத்தமே பத்து நிமிஷத்துக்கு, ரெண்டு பேர்னா அஞ்சு நிமிஷம், அப்படி வகுத்துக்கணும். குடும்பம் நடத்துதுன்னு சொல்றீங்க, உங்க டிஎம் தூங்கிட்டாரு போல. இன்னொன்னு, இதே மாதிரி உள்ள தனி இடம் வச்சிருக்க இன்னொரு மேஜிக் பொருள், போர்ட்டபிள் ஹோல்னு ஒண்ணு இருக்கு, பைய அதுக்குள்ளயோ அத பைக்குள்ளயோ வச்சா ரெண்டும் அழிஞ்சு பத்தடிக்குள்ள இருக்க எல்லாரையும் ஆஸ்ட்ரல் பிளேனுக்கு உறிஞ்சிடும். சில புத்திசாலிங்க இத அம்பு நுனியில கட்டி ஆயுதமா விட பாப்பாங்க. என் டேபிள்ல ஒரு தடவை அனுமதிப்பேன், அடுத்த தடவை வில்லனும் அதே அம்போட வருவான்னு முன்னாடியே சொல்லிடுவேன்.

கேள்வி: மேஜிக் இல்லாத சாதா சாமான் எதாவது பிரயோஜனமா? – கஞ்சன், காரைக்குடி

உங்களுக்குன்னே எழுதுன லிஸ்ட் மாதிரி இருக்கும். ஒரு தங்கக் காசுக்கு ஆயிரம் பால்ரஸ் குண்டு, பத்தடிக்கு பத்தடி தரையில கொட்டுனா வேகமா ஓடி வர்றவன் வழுக்கி விழ வாய்ப்பு. பத்தடி கம்பு அஞ்சே செம்புக் காசு, டார்ச் ஒரு செம்புக் காசு. கடப்பாரை ரெண்டு தங்கக் காசு, நெம்புற வேலைக்கு பகடைய ரெண்டு தடவை உருட்டி நல்லத எடுத்துக்கலாம். பிளேட் ஆர்மர் 1,500 தங்கக் காசுங்க. அந்த காசுக்கு எத்தன பால்ரஸ்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

கேள்வி: நாங்க 2014 புக்ல விளையாடறோம். 2024 புக் வாங்குனா சாமான்ல என்ன புதுசு? – ரெண்டு மனசு, வேலூர்

பெரிய மாத்தம் வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனி வித்தை. முன்னாடி பேட்டில் ஆக்ஸுக்கும் லாங்ஸ்வோர்டுக்கும் வெட்டுற விதத்துல ஒரு வித்தியாசமும் இல்ல, ரெண்டும் டி8, பேரு தான் வேற. இப்ப ஆக்ஸால அடிச்சா எதிராளி கீழ விழலாம், லாங்ஸ்வோர்டு பட்டா அவன் அடுத்த அடி தடுமாறும். ஃபைட்டர், பார்பேரியன் மாதிரி ஆளுங்களுக்கு இது பெரிய விருந்து. ஹீலிங் போஷன் முன்னாடி குடிக்க ஒரு ஆக்ஷன் போயிடும், இப்ப போனஸ் ஆக்ஷன், அதாவது குடிச்சுட்டு அடிக்கவும் செய்யலாம். (எங்க வீட்ல 2014 புக் வச்சிருந்தப்பவே அப்படித்தான் விளையாடுனோம், சொல்லப்போனா யாரு தான் விளையாடல.) மஸ்கட் துப்பாக்கி இப்ப வழக்கமான ஆயுதப் பட்டியல்லயே வந்துடுச்சு, 500 தங்கக் காசு.

டிஎம்களுக்கு நிஜமா உதவுறது விலைப் பட்டியல். பழைய புக்ல ரேர் ஐட்டம் 501ல இருந்து 5,000 தங்கக் காசு வரைக்கும்னு போட்டிருந்தான், இத வச்சு எந்த கடைக்காரன் வியாபாரம் பண்ணுவான்? இப்ப காமன் 100, அன்காமன் 400, ரேர் 4,000, வெரி ரேர் 40,000, லெஜண்டரி 2,00,000, போஷன் மாதிரி ஒரு தடவை காலி ஆகுறதுக்கு பாதி விலை. தராசுல நிறுத்த மாதிரி சரியா இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா பேரம் பேச ஒரு இடம் கிடைச்சுச்சு.

கேள்வி: அக்கா, நான் சிலம்பம் கத்துக்கறேன். என் கேரக்டருக்கு சுருள்வாள் வேணும். நானே ரூல் எழுதியிருக்கேன்: டி10 டேமேஜ், பத்தடி தூரம் எட்டும், டி20ல 1 விழுந்தா என் மேலயே படும். சரியா? இத தமிழ்ல புக்கா போடலாமா? – சுருள், மதுரை

ஆசையா இருக்கு உங்க கடிதம் படிக்க. ஆனா அந்த 1 விழுந்தா தன் மேலயே படும்ங்கறத முதல்ல அடிச்சுடுங்க. சுருள்வாள் பழகாதவன் கைய கால வெட்டிக்குவான்னு வாத்தியார் சொல்லியிருப்பாரு, நெசம் தான், ஆனா ரூல்ல எழுதுனா தலைகீழா போகும். ஒரு அடி அடிக்கிறவனுக்கு ஒரு ரவுண்டுல 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். பெரிய ஃபைட்டர் நாலு அடி அடிப்பான், அவனுக்கு பதினெட்டரை சதவீதம். அதாவது வித்தை கூடக் கூட அவன் தன்னையே அதிகமா வெட்டிக்கிறான், எந்த வாத்தியாராவது ஒத்துப்பாரா?

ரூல்புக்ல விப், அதான் சாட்டை, ஏற்கனவே இருக்கு: டி4, பத்தடி எட்டும், பலத்துக்கு பதிலா சுறுசுறுப்ப வச்சு அடிக்கலாம். அதுல இருந்து ஆரம்பிங்க. டி6 ஆக்குங்க, 2024ல விளையாடுனா க்ளீவ் மாஸ்டரி குடுங்க, ஒருத்தன் மேல பட்டா பக்கத்துல நிக்கிறவனுக்கும் ஒரு வீச்சு, சுத்தி நாலு பேர் நிக்கிறப்ப சுழட்டுற ஆயுதத்துக்கு அது பொருத்தம். பழகாதவனுக்கு ஆபத்துங்கறதுக்கு தனியா பயிற்சி எடுத்தவன் மட்டும் தான் இத தொடலாம்னு ஒரு வரி போதும். அப்புறம் நீங்க எழுத மறந்துட்டீங்க, சுருள்வாள் இடுப்புல பெல்ட் மாதிரி சுத்திக்கலாம்! ஆயுதத்த வாசல்ல வச்சுட்டு வான்னு அரமனைக் காவலாளி சொல்றப்ப உங்க கேரக்டர் மட்டும் நெஞ்ச நிமித்திட்டு உள்ள போவான். டி10ஐ விட இது பெரிய விஷயம்.

புக் போடலாம், தாராளமா. ஆட்டத்தோட அடிப்படை விதிகள எஸ்ஆர்டினு ஒரு தொகுப்பா, ஆட்டத்த வெளியிடற கம்பெனிக்காரங்க 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க, 2024 விதிகளுக்கான தொகுப்பும் 2025ல அதே மாதிரி வந்தாச்சு. மொழிபெயர்க்கலாம், விக்கவும் செய்யலாம், எங்க இருந்து எடுத்தீங்கன்னு அவங்க சொன்ன வாசகத்த போட்டாகணும். எஸ்ஆர்டில இருக்கது மட்டும் தான் பொது, முழு புக்கும் இல்ல. பல கண்ணு வச்ச பிஹோல்டர் மாதிரி சில ஜந்துங்களோட விவரம் அதுல வராது, அதுங்கள தொடாதீங்க. சுருள்வாள் உங்களோடது, யாரும் கேக்க முடியாது.

கேள்வி: டெக் ஆஃப் மெனி திங்ஸ் கேம்பெயின்ல இறக்கலாமான்னு பாக்கறேன். கை அரிக்குது. – சூதாடி, சேலம்

1975ல முதல் தடவை அச்சுல வந்ததுல இருந்து கேம்பெயின கலைச்சே பேரு வாங்குன சீட்டுக்கட்டு அது. பெரும்பாலும் 13 சீட்டு, சில கட்டுல 22. எத்தன எடுக்க போறேன்னு முன்னாடியே சொல்லணும், சொன்னா எடுத்தே தீரணும். ஒரு சீட்டுல விஷ், அதாவது கேட்டது நடக்கிற மந்திரம் கிடைக்கும், இன்னொண்ணுல உங்க ஆன்மா எங்கயோ சிறை.

என் டேபிள்ல ரெண்டுன்னு சொல்லி எடுத்தான் ஒருத்தன். முதல் சீட்டு நல்ல சீட்டு, எல்லாரும் கைதட்டுனாங்க. ரெண்டாவது டாலன்ஸ். அவன் மேல இருக்க மேஜிக் ஐட்டம் எல்லாம் பொடிப்பொடி. மேசையில சத்தமே இல்ல. அப்புறம் கிளெரிக் மெதுவா கேக்குது, "அக்கா, அந்த பை இவன்கிட்ட தான இருந்துச்சு?" ஆமா, பேக் ஆஃப் ஹோல்டிங், நாலு பேரோட மொத்த காசும் அதுல. உள்ள இருந்தது என்ன ஆகும்னு அந்த சீட்டுல எழுதல, பை கிழிஞ்சா என்ன ஆகுமோ அதுதான்னு தீர்ப்பு சொன்னேன், ஆஸ்ட்ரல் பிளேன்ல சிதறுச்சு. அடுத்த நாலு செஷன் காச தேடி அங்க போனது தான் எங்க கேம்பெயின்லயே நல்ல பகுதி.

அதனால என் கருத்து: இறக்குங்க, ஆனா வாய்ட், டான்ஜன் ரெண்டு சீட்டையும் உருவிடுங்க. அந்த ரெண்டும் கேரக்டர எங்கயாவது அடைச்சு வச்சுடும், ஆடுறவன் மிச்ச ராத்திரி பூரா செல்ல நோண்டிட்டு உக்காந்திருக்கணும். காசு போகலாம், கோட்டை போகலாம், விளையாட வந்தவன் எந்திரிச்சு வீட்டுக்கு போகக் கூடாது.

கேள்வி: டிஎம்முக்கு தீனி வாங்கிக் குடுத்தா மேஜிக் ஐட்டம் கிடைக்குமா? – நேர்மையானவன், நாகர்கோவில்

மசால் வடைக்கு காமன் ஐட்டம் உண்டு. க்ளோக் ஆஃப் பில்லோயிங்னு ஒரு போர்வை, அது பண்ற ஒரே வேலை, நீங்க நெனச்சா காத்தே இல்லாம பறக்கும், நம்ம ஹீரோ என்ட்ரிக்கு துண்டு பறக்குமே அது மாதிரி. ஒரு டேமேஜும் கிடையாது, ஒரு ப்ளஸ்ஸும் கிடையாது. என் டேபிள்ல ரெண்டு பேர் அதுக்காக சண்ட போட்டு, இப்ப செஷனுக்கு ஒருத்தர்னு முறை வச்சு போட்டுக்கறாங்க. வடை சூடா இருக்கணும்.