காதில் இரைச்சல், கண்ணில் புள்ளிமழை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் காய்ச்சல் ஒன்று வந்து போன பிறகு, இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல் தொடங்கி இன்றுவரை நிற்கவில்லை. அதற்கு ஓரளவு பழகிவந்த வேளையில், நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கண்விழித்தபோது, பார்வை முழுவதும் பொடிப்பொடியான புள்ளிகள் துடிப்பதைக் கண்டேன். வெள்ளைச் சுவரிலும் இருட்டறையிலும் அவை மிக அதிகம். விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் உருவம் நெடுநேரம் கண்ணிலேயே நிற்கிறது. வெயிலில் கண் கூசுகிறது. கண் பரிசோதனை, காதுப் பரிசோதனை, மூளை எம்.ஆர்.ஐ. அனைத்தும் நார்மல் என்றும், கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பார்வை போய்விடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பது எனக்குத் தோன்றுவதைப் போல ‘விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம்’ என்ற நிலையாக இருந்தால், அதனால் பார்வை பறிபோவதில்லை. கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஆனால் தகுந்த பரிசோதனைகள் முடிந்து, அவற்றில் குறையேதும் இல்லை என்று தெரிந்திருப்பதால், பாதிக்கும் மேற்பட்ட வழியை நீங்கள் கடந்துவிட்டீர்கள்.

பழைய தூர்தர்ஷன் நாள்களில், மாடியில் ஆன்டெனா திரும்பிவிட்டால் திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்துகொண்டிருக்குமே, இந்த நிலைக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் அந்தத் திரையைத்தான் உவமையாகச் சொல்கிறார்கள். ஒற்றைத்தலைவலி உள்ள சிலரிடம் இத்தகைய தொடர் காட்சித் தொந்தரவு இருப்பது 1995 இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருந்தாலும், இதைத் தனி நோய்க்குறித் தொகுதியாக வரையறுத்தது 2014 இல் நரம்பியல் மருத்துவர்களான கிறிஸ்டோப் ஷாங்கின், பீட்டர் கோட்ஸ்பி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வுதான். அந்த வரையறையின்படி, பார்வைப்புலம் முழுவதும் துடிக்கும் புள்ளிகள் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கவேண்டும். அத்துடன் பார்த்த உருவம் மறையாமல் நிற்பது, கண் கூச்சம், இருட்டில் பார்வை மங்குவது, கண்ணுக்குள்ளேயே தோன்றும் மிதவைகளும் ஒளிப்பொறிகளும் மிகையாகத் தெரிவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். வேறு எந்த நோயாலும் இதை விளக்க முடியாது என்பதும் உறுதியாகவேண்டும். உங்கள் கடிதத்தில் நான்கு மாதங்களும் இரண்டு அறிகுறிகளும் இருக்கின்றன.

காதில் தொடங்கியது கண்ணுக்குப் பரவிவிட்டதோ என்ற அச்சம் உங்கள் வரிகளுக்கிடையே தெரிகிறது. காதிலிருந்து கண்ணுக்கு எதுவும் பரவவில்லை. இந்தத் தொகுதி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காதிரைச்சலும் இருக்கிறது என்பதால், இரண்டுக்கும் மூளையின் வேலைமுறையில் ஒரு பொது வேர் இருக்கவேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் புலன்கள் ஒவ்வொரு நொடியும் அனுப்பும் செய்திகளில் பெரும்பகுதி வெறும் சலசலப்பு. மூளை அதைச் சலித்து ஒதுக்கிவிட்டு, தேவையானதை மட்டும் நம் கவனத்துக்குக் கொண்டுவருகிறது. 1953 இல் காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்துக் கேட்டபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். ஆக, இரைச்சல் ஏறத்தாழ எல்லோருக்குள்ளும் இருக்கிறது. சல்லடைதான் அதை மறைத்துவைத்திருக்கிறது. பளிச்சென்ற நீலவானத்தை உற்றுப் பார்த்தால் சிறு ஒளித்துளிகள் ஓடுவது எவருக்கும் தெரியும். அவை விழித்திரையின் நுண்குழாய்களில் செல்லும் வெள்ளை அணுக்களின் தடம். சல்லடையின் கண் சற்று அகன்றுவிட்டால், ஒதுக்கப்படவேண்டிய ஒலியும் ஒளியும் உள்ளே வந்துவிடுகின்றன. 2014 ஆம் ஆண்டிலேயே இந்த நிலை உள்ள 17 பேரிடம் செய்த, உறுப்பின் இயக்கத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில், மூளையின் பின்பகுதியில் பார்வைச் செய்திகளைக் கையாளும் ஒரு பகுதி வழக்கத்தைவிடக் கூடுதலாக இயங்குவது தெரிந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. உறுப்பின் வடிவத்தைத்தான் காட்டும், அதன் இயக்கத்தைக் காட்டாது. உங்கள் ஸ்கேன் நார்மலாக இருந்ததற்கு அதுவே காரணம். கவலை இந்தத் தொந்தரவைப் பெரிதாக்கும் என்பது உண்மை, ஆனால் கவலைதான் நோய் என்று சொல்லி உங்களை அனுப்பியதை என்னால் ஏற்கமுடியவில்லை. நார்மல் என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு வாக்கியங்கள் விளக்கிச் சொல்லியிருந்தால் உங்கள் நான்கு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இது அபூர்வமும் இல்லை. 2020 இல் பிரிட்டனில் 1,015 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு இந்தத் தொகுதி முழுமையாக இருந்தது.

இனிச் செய்யவேண்டியது என்ன? புள்ளிகளை அழிக்கும் மருந்து இன்று கிடையாது. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து சிறுபான்மையினருக்கு ஓரளவு உதவியிருக்கிறது. ஆனால் அது அபாயகரமான தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியதாகையால், நரம்பியல் மருத்துவர் சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டவேண்டிய மருந்தேயன்றி, கடையில் கேட்டு வாங்கும் மருந்தன்று. கூச்சத்துக்கு எஃப்.எல். 41 எனப்படும் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கண்ணாடி சிலருக்கு நன்றாகப் பயன்படுகிறது. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணியும் பழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள். கண் இருளுக்குப் பழகிவிட்டால், சாதாரண வெளிச்சம்கூட முன்னிலும் அதிகமாகக் கூசும். அலுவலகக் கணினியில் வெண்மையான பின்னணியை மாற்றி, திரையின் ஒளியை அறையின் ஒளியோடு பொருந்தவையுங்கள். இரவில் முழு இருட்டும் முழு அமைதியும் வேண்டாம். மங்கலான ஒரு விளக்கும் மின்விசிறியின் ஓசையும் இருந்தாலே இரண்டு இரைச்சல்களும் பின்வாங்கும். புள்ளிகளுக்குப் பழகும்வரை, இரவில் வண்டி ஓட்டுவதைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து இன்று எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது, காதைப் பொத்தி இரைச்சலைச் சோதிப்பது, இரவில் கைப்பேசியில் இதைப்பற்றியே தேடுவது ஆகியவற்றை நிறுத்தவேண்டும். ஒவ்வொரு முறை தேடிப் பார்க்கும்போதும், இது முக்கியமான செய்தி என்று மூளைக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை காதிரைச்சலின் ஒலியளவைக் குறைப்பதில்லை, ஆனால் அது தரும் துன்பத்தைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. உளவியல் நிபுணரிடம் சென்றால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். முதல் இரைச்சலுக்கு நீங்கள் பழகிய விதமே இரண்டாவதற்கும் வழி.

கேள்வி: என் மகளுக்கு வயது 22, உடல் சற்றுப் பருமன். ஒரு மாதமாகக் காதில் ‘விஸ் விஸ்’ என்று ஓசை கேட்பதாகவும், அது நாடித்துடிப்போடு சேர்ந்து வருவதாகவும் சொல்கிறாள். குனிந்து கோலம் போட்டு நிமிரும்போது, சில விநாடிகள் கண் இருட்டிக்கொண்டு வந்து பிறகு தெளிகிறது. காலையில் தலைவலியும் உண்டு. முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தசோகையாக இருக்குமோ என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவருகிறேன்.
– ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை அச்சில் படிக்கும்வரை நீங்கள் காத்திருக்கக்கூடாது என்பதால், உடனே கண் மருத்துவரிடம் செல்லும்படி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பச் செய்திருக்கிறேன். மேலே திருச்சி வாசகிக்குச் சொன்ன ஆறுதல் எதுவும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. நாடியோடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சலும், குனிந்து நிமிரும்போது பார்வை நொடிப்பொழுது மறைவதும், தலைவலியும் சேர்ந்து வந்தால், மண்டைக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தின் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பருமனான இளம் பெண்களிடம் இது அதிகம். முகப்பருவுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் ஆகிய மாத்திரைகளும் இந்த அழுத்தத்தைத் தூண்டக்கூடியவை. என்ன மாத்திரை என்று அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சிறிது நேரம் போதும். வீக்கம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையின் சிரை நாளங்களில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்தபின், முதுகில் ஊசி செலுத்தித் திரவத்தின் அழுத்தத்தை அளப்பார்கள். பெரியவர்களில் அது 25 சென்டிமீட்டர் நீரழுத்தத்தை எட்டினாலோ தாண்டினாலோ மிகை. அசெட்டசோலமைடு மாத்திரையும் எடைக்குறைப்பும் பெரும்பாலோருக்குப் பலன் தருகின்றன. கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகக் குறையும்.

இதே இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவலியும் காதிரைச்சலும் வந்த சில நாள்களில் இரு கண்களும் மங்கினால், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணையும் காதையும் தாக்கும் வோக்ட் கோயனாகி ஹரடா என்ற நோயை மருத்துவர் நினைவில் கொள்ளவேண்டும். ஆசியர்களிடம், நம்மவர்களிடமும், கூடுதலாக வரும் இந்த நோய்க்கு ஸ்டீராய்டை விரைவில் தொடங்குவது பார்வையைக் காக்கும். ஒரு கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது, பூச்சி பறப்பது போன்ற புள்ளிகள் பெருகுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை கிழிவதன் அடையாளங்கள். கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் பக்கவாதம் என்றே கருதி அவசரப் பிரிவுக்கு விரையவேண்டும்.

கேள்வி: காதிரைச்சலும் கண்ணில் புள்ளிகளும் உள்ள என் தம்பிக்குப் பொன்னாங்கண்ணிக் கீரையும் வைட்டமின் ஏ மாத்திரையும் கொடுக்கலாமா?
– வாசகர், நெல்லை

பதில்: கீரையைத் தாராளமாகக் கொடுங்கள், புள்ளிகள் குறையாது என்றாலும் சோற்றுக்கு நல்ல துணை. வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம். அளவு மிஞ்சினால், மதுரை அம்மாவின் மகளுக்கு நான் அஞ்சும் அதே மண்டை அழுத்தத்தை அது உண்டாக்கும். தம்பியின் கண்ணை இதுவரை சொட்டு மருந்து விட்டு யாரும் பார்க்கவில்லையென்றால், மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.